கேட்பவர் காசில் ஒலித்த இசை

பெங்களூரு சாமராஜப்பேட்டையை ஒட்டிய ஒரு கிளையில் நாம் பணியாற்றிய நாட்களில், எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் வைப்புக் கணக்குகளுக்கு நியமனதாரரைப் பதிவு செய்ய வந்திருந்தார். காலஞ்சென்ற கணவரின் ஆவணங்கள் அனைத்தையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். வைப்பு ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரங்கள், வீட்டு வரி ரசீதுகள் ஆகியவற்றுக்கு இடையே கையடக்கமான ஒரு பழைய புத்தகம் இருந்தது. பழைய சேமிப்புக் கணக்குப் புத்தகமாக இருக்கும் என்று எண்ணித்தான் அதைப் பிரித்தோம். உள்ளே ஆண்டுவாரியாக வில்லைகள் ஒட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மீதும் அஞ்சலகத்தின் தேதி முத்திரை விழுந்திருந்தது. அது வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கான உரிமப் புத்தகம்.

“ரேடியோ லைசென்ஸ் சார். ஒரு வருஷம் தவறாம கட்டினார். இதுக்கு இப்ப ஏதாவது மதிப்பு உண்டா?” என்று அம்மையார் கேட்டார்.

வங்கி அலுவலர் என்ற முறையில் நாம் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான். பணமாக அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆயினும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. நம் வீடுகளில் விடியற்காலையில் தம்பூரா ஒலியோடு வந்த கச்சேரிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? விளம்பரம் இல்லாத இசை எவ்வாறு நிலைத்தது? நிலைக்காதபோது ஏன் நிலைக்கவில்லை? நம் நாட்டில், குறிப்பாகச் சென்னை, மைசூர், பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களில், இக்கேள்விகளுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. கேட்பவர்களே பணம் கொடுத்து வானொலியை நடத்த முயன்ற வரலாறு அது.

சென்னையில் ஒரு மன்றம்

1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னையில் ‘சென்னை மாகாண வானொலி மன்றம்’ தொடங்கப்பெற்றது. அதன் முன்னோடி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் மன்றம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. முறையான வானொலி நிறுவனம் எதுவும் நாட்டில் ஏற்படாத காலம் அது. ஆர்வலர்கள் கூடி, உறுப்பினர் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டு நடத்திய முயற்சி. மாலை வேளைகளில் இசையும் உரைகளும் ஒலித்தன.

மூன்றாண்டுகள் மன்றம் தாக்குப்பிடித்தது. 1927 அக்டோபரில் பண நெருக்கடியால் ஒலிபரப்பை நிறுத்தியது. தன்னிடமிருந்த ஒலிபரப்பிக் கருவியை மன்றம் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி தன் பொறுப்பில் நாள்தோறும் ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

மன்றம் மூடப்பட்டதற்குக் காரணம் மக்களுக்கு ஆர்வம் இல்லாமை அன்று. ஆர்வம் இருந்தது, கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள் அல்லர். வானொலியின் இயல்பே அது. அரங்கத்தில் கச்சேரி நடத்தினால் வாயிலில் நின்று சீட்டைச் சரிபார்க்கலாம். காற்றுக்கு வாயில் ஏது?

பத்து ரூபாய்க் கணக்கு

மன்றம் தளர்ந்த அதே 1927-இல் தனியார் நிறுவனம் ஒன்று களத்தில் இறங்கியது. ‘இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி’ என்பது அதன் பெயர். ஜூலை 23-ஆம் நாள் பம்பாய் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். அடுத்த மாதமே கல்கத்தா நிலையமும் தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய்; திரட்ட முடிந்ததோ 6 லட்சம். அதிலும் பெரும்பகுதி இரு நிலையங்களை அமைப்பதிலேயே செலவாகிவிட்டது.

வருமானத்திற்கு நம்பியிருந்தது உரிமக் கட்டணத்தை. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் செலுத்த வேண்டும். அதில் 80 விழுக்காடு, அதாவது 8 ரூபாய், கம்பெனிக்குச் சேரும். இறக்குமதியாகும் கருவிகள் மீதும் ஒரு பங்கு உண்டு. ஏட்டில் எழுதும்போது நல்ல திட்டமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அக்கம்பெனி இயங்கிய காலம் முழுவதும் நாடெங்கும் வழங்கப்பட்ட உரிமங்கள் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. எட்டாயிரம் பேர் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டு வரவு 64,000 ரூபாய். இரண்டு பெருநகரங்களில் கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஊதியம் கொடுத்து, மின்கட்டணம் கட்டி, நிலையங்களை நடத்த அது எம்மட்டு? உரிமம் பெறாமலே கேட்டவர்களும் பலர். 1930 மார்ச் மாதத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதன் பின் நடந்ததுதான் நம் கவனத்திற்குரியது. 1930 ஏப்ரலில் அரசு நிலையங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது. இழப்பு தொடரவே, 1931 அக்டோபரில் ஒலிபரப்பை நிறுத்திவிடப் போவதாக அறிவித்தது. நேயர்களும் வானொலி வணிகர்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அடுத்த மாதமே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1933-இல் ஒரு சட்டம் இயற்றி, உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1934 முடிவில் உரிமங்களின் எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது. இந்திய வானொலி அன்று பிழைத்ததற்கு, ‘வேண்டும்’ என்று குரல் கொடுத்த சில ஆயிரம் நேயர்களுக்கும் பங்கு உண்டு.

மைசூரில் ஒரு பேராசிரியரின் வீடு

சட்டமும் உரிமமும் பேசப்பட்டுக்கொண்டிருந்த அந்நாளில், மைசூரில் ஒருவர் எதற்கும் காத்திராமல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கிவிட்டார். மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எம். வி. கோபாலசுவாமி அவர். 1935 செப்டம்பர் 10-ஆம் நாள் 30 வாட் திறனுள்ள சிறு ஒலிபரப்பியைக் கொண்டு அவர் ஒலிபரப்பைத் தொடங்கினார். வீட்டில் எரியும் சில மின்விளக்குகளின் திறனுக்கு ஈடானது அது. பின்னர் 250 வாட் கருவியை வரவழைத்து நிலையத்தை விரிவாக்கினார்.

நிலையத்திற்குச் சூட்டப்பெற்ற பெயர் ‘ஆகாசவாணி’. 1950-களின் பிற்பகுதியில் இந்திய அரசு தன் வானொலி முழுவதற்கும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. இன்று நாடெங்கும் வழங்கும் அப்பெயர் ஒரு தனிமனிதரின் வீட்டிலிருந்து புறப்பட்டது என்பதைப் பலரும் அறியார்.

பேராசிரியர் சில ஆண்டுகள் பெரும்பாலும் தம் சொந்தப் பணத்திலும், அன்பர்கள் அளித்த உதவியிலும் நிலையத்தை நடத்தினார். ஒருவர் வருவாயைக் கொண்டு எத்தனை காலம் நடத்த இயலும்? 1940-களின் தொடக்கத்தில் அது மைசூர் அரசின் பொறுப்புக்குச் சென்றது. நாடு விடுதலை பெற்றபின், 1950 ஏப்ரல் 1-ஆம் நாள் மற்றச் சமஸ்தான நிலையங்களோடு அகில இந்திய வானொலியில் இணைந்தது. 1955 நவம்பர் 2-ஆம் நாள் ஒலிபரப்பு மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாறியது. ராஜ்பவன் சாலையில் உள்ள பெங்களூரு வானொலி நிலையத்தின் வேர் இவ்வாறு மைசூர்ப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

சென்னையில் மன்றம், பம்பாயிலும் கல்கத்தாவிலும் கம்பெனி, மைசூரில் தனிமனிதர். மூவருக்கும் நேர்ந்தது ஒன்றே. தொடக்கச் செலவுக்குப் பணம் கிடைத்தது. மாதந்தோறும் வந்து நிற்கும் செலவுக்குக் கிடைக்கவில்லை. கட்டடத்திற்கு நன்கொடை திரட்டுவது எளிது, மின்கட்டணத்திற்குத் திரட்டுவது கடினம் என்பதை அறநிலையங்களின் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எவரும் அறிவர்.

அஞ்சலக முத்திரையின் காலம்

அம்மையாரின் தகரப் பெட்டியில் இருந்த புத்தகம் இதற்கு அடுத்த காலத்தைச் சேர்ந்தது. வானொலிப் பெட்டி வாங்கினால் அஞ்சலகத்திற்குச் சென்று உரிமப் புத்தகம் பெற வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வில்லை ஒட்டி முத்திரையிட்டுப் புதுப்பிக்க வேண்டும். இல்லங்களில் வைத்திருக்கும் வழக்கமான பெட்டிக்குப் பல ஆண்டுகள் 15 ரூபாய் கட்டணம் இருந்தது. ஒரு நாளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு பைசா.

அந்த நான்கு பைசா நேராக வானொலி நிலையத்தின் பெட்டிக்குச் செல்லவில்லை. அரசின் வருவாயில் சேர்ந்தது. ஆயினும் அதன் பின்னணியில் ஒரு நம்பிக்கை இருந்தது. நாடெங்கும் இலட்சக்கணக்கான இல்லங்கள் சிறு தொகையை ஆண்டுதோறும் தவறாமல் செலுத்தின. நிலையமும் தவறாமல் இசையைக் கொடுத்தது. 1952 ஜூலையில் இசையின் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் ஒரு கலைஞரின் கச்சேரியை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டது. 1954-இல் வானொலி இசை மாநாடுகள் தொடங்கின. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடைபெறும் காலையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் தொலைவில் உள்ளோர் வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது.

கலைஞர்களுக்கு வானொலி கொடுத்தது புகழ் மட்டும் அன்று, காசோலையும் கொடுத்தது. அரண்மனைகளின் ஆதரவு மறைந்துகொண்டிருந்த காலத்தில், தகுதித் தேர்வு நடத்தித் தரம் வகுத்து, தரத்திற்கு ஏற்ற ஊதியம் வழங்கிய புரவலர் வானொலிதான். வித்துவான்கள் பலர் நிலையங்களிலேயே பணியாற்றினர். பெங்களூரு நிலையத்தில் வீணை வி. தொரைசுவாமி ஐயங்காரும் ஆர். கே. ஸ்ரீகண்டனும் பொறுப்பு வகித்தனர். விஜயவாடாவில் எம். பாலமுரளிகிருஷ்ணாவும், சென்னையில் எஸ். ராஜமும் பணிபுரிந்தனர். மாதச் சம்பளம் என்ற உறுதி இருந்ததால்தான் அரிய கிருதிகளைத் தேடிப் பதிவு செய்யவும், இளையோருக்குக் கற்றுக்கொடுக்கவும் இயன்றது.

மறுபக்கமும் உண்டு. கட்டணம் செலுத்தியவர் என்ன கேட்க விரும்பினார் என்பதை நிலையம் எப்போதும் பொருட்படுத்தவில்லை. 1952 முதல் பத்தாண்டுகள் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் செவ்வியல் இசையை உயர்த்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பத்தாண்டுகள் கழித்து, 1967-இல், அதில் விளம்பரங்கள் நுழைந்தன. செலவை விளம்பரம் ஏற்கத் தொடங்கியதும், கேட்பவரின் காசு முக்கியம் இழந்தது. 1980-களின் நடுப்பகுதியில் வானொலி உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. அம்மையாரின் கணவர் புத்தகத்தில் வில்லை ஒட்டுவதும் அத்துடன் நின்றது.

கிழக்கு வானில் ஒரு ‘ஷ்ருதி’

உரிமம் நீங்கிய பதினைந்தாண்டுகளில், கேட்பவரே பணம் கொடுக்கும் முறை வேறு உருவில் திரும்பி வந்தது. இம்முறை அதன் இந்திய மையம் பெங்களூரு.

நோவா சமாரா என்பவர் 1990-இல் அமெரிக்காவில் நிறுவிய ‘வேர்ல்ட்ஸ்பேஸ்’ நிறுவனம், 2000 மார்ச் 21-ஆம் நாள் ‘ஏசியாஸ்டார்’ என்னும் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. தனிக் கருவி ஒன்றை வாங்கி, அதனுடன் வரும் கையகல ஆன்டெனாவைக் கிழக்கு வானம் தெரியும் சன்னலில் சாய்த்துவைத்தால் போதும். அலைவரிசை விலகாமல், கரகரப்பு இல்லாமல் பல வானொலிகள் தெளிவாகக் கேட்டன. அவற்றுள் கர்நாடக இசைக்கென்றே ‘ஷ்ருதி’, இந்துஸ்தானி இசைக்கென்றே ‘காந்தர்வ்’. இருபத்துநான்கு மணி நேரமும் இசை. இடையே விளம்பரம் இல்லை. ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும்.

கர்நாடக இசை நேயருக்கு இது எத்தகைய பேறு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தோடி ஆலாபனை இருபது நிமிடம் விரியும். ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரத்தைத் தொடும். பாடகர் மத்யம காலத்திலிருந்து மேலெழும் வேளையில் சோப்பு விளம்பரம் குறுக்கிட்டால் இசை உடைந்துவிடும். விளம்பர வானொலிக்குப் பெருங்கூட்டமும் குறுகிய பாடல்களும் வேண்டும். செவ்வியல் இசைக்கு இருப்பதோ சிறு கூட்டமும் நீண்ட நேரமும். எனவே அதன் செலவை அரசு ஏற்க வேண்டும், இல்லையேல் கேட்பவர் ஏற்க வேண்டும். மூன்றாவது வழி அரிது.

வேர்ல்ட்ஸ்பேசின் சந்தாதாரர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். வெளியூரில் வாழும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாக இக்கருவியை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு செயற்கைக்கோளின் செலவு சந்தாத் தொகைக்குள் அடங்குவதன்று. 2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நிறுத்தப்பட்டது. மார்கழி மாதம், சென்னையில் சபாக்கள் நிறைந்திருந்த வேளை. வீடுகளில் அந்தக் கருவிகள் ஓசையற்றுப் போயின. 

இங்கே வங்கியாளராக ஒரு சொல். ஒரு நிறுவனத்திற்கு ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிச் செலுத்தும்போது, சேவை முழுவதும் கிடைக்கும் வரை நாம் அந்நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர்களே. அதுவும் ஈடு எதுவும் பெறாமல் கொடுத்தவர்கள். நிறுவனம் நொடித்தால், ஈடு பெற்ற கடனாளர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். சந்தாதாரர் வரிசையின் கடைசியில் நிற்பார். இசையாயினும், உடற்பயிற்சிக் கூடமாயினும், பயிற்சி வகுப்பாயினும் இதே கணக்கு. பல ஆண்டுச் சந்தாவுக்குப் பெரும் தள்ளுபடி தருவதாகச் சொல்லும்போது, தள்ளுபடியைப் பார்க்கும் அளவுக்கு அந்நிறுவனத்தின் நிலையையும் பார்ப்பது நல்லது.

நூற்றுக்கு இருவர்

அப்படியானால் கேட்பவர் காசில் வானொலி நடத்துவது இயலாத செயலா? இயலும் என்பதற்கும் சான்று உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்னும் ஊரில், லூயிஸ் ஹில் என்பவர் 1949 ஏப்ரல் 15-ஆம் நாள் ‘கே.பி.எஃப்.ஏ.’ என்ற வானொலியைத் தொடங்கினார். விளம்பரம் கூடாது, நேயர் சந்தாவே போதும் என்பது அவருடைய கொள்கை. ஒலிபரப்பு எட்டும் பகுதியில் உள்ள நேயர்களுள் நூற்றுக்கு இருவர் விரும்பிப் பணம் கொடுத்தால் நிலையம் நடக்கும் என்று அவர் கணக்கிட்டார். மற்றத் தொண்ணூற்றெட்டுப் பேர் இலவசமாகக் கேட்கட்டும். அவர்கள் மீது வழக்குப் போட வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம்.

அந்த நிலையமும் தொடங்கிய மறு ஆண்டே, 1950 ஆகஸ்டில், பணமின்றி மௌனமானது. ஆனால் நேயர்கள் விடவில்லை. வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். 1951 மே மாதத்தில் ஒலிபரப்பு மீண்டும் தொடங்கியது. நேயர் ஆதரவில் இயங்கும் வானொலிகளுக்கு அந்த நிலையம் முன்மாதிரியானது. நியூயார்க் நகரில் 1936 முதல் மேலைச் செவ்விசை ஒலிபரப்பிவந்த ‘டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர்.’ வானொலி, 1944 முதல் ஒரு நாளிதழ் நிறுவனத்தின் உடைமையாக, விளம்பர வருவாயில் இயங்கியது. 2009-இல் அது பொது வானொலி அமைப்பின் கைக்கு மாறி, நேயர் நன்கொடையை நம்பி இயங்கத் தொடங்கியது. நம் ‘ஷ்ருதி’ மௌனமான அதே ஆண்டில் அங்கே ஒரு செவ்விசை வானொலி நேயர்களின் கைகளால் தாங்கப்பட்டது.

இரண்டிற்கும் வேறுபாடு எங்கே? பெர்க்லியில் செலவு சிறியது. நிலையம் உள்ளூரிலேயே இருந்தது. கணக்கு நேயர்களுக்குத் தெரிந்திருந்தது. நெருக்கடி வந்தபோது எவ்வளவு தேவை என்று கேட்கவும், கொடுக்கவும் வழி இருந்தது. செயற்கைக்கோள் வானொலியில் சந்தாதாரர் வெறும் வாடிக்கையாளர். நிறுவனம் மூழ்கும் செய்தியை அவர் நாளிதழில்தான் படிக்க முடிந்தது. காப்பாற்ற விரும்பினாலும் அவருக்குக் கைப்பிடி எதுவும் இல்லை.

இன்றைய பெங்களூரில்

இன்று செவ்வியல் இசை கேட்பதற்குப் பெங்களூரில் குறைவில்லை. 2000-களில் வானொலி நிலையம் 100.1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ‘அமிர்தவர்ஷிணி’யை வழங்கியது. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பாடி மழை வரவழைத்தார் என்று மரபு கூறும் ராகத்தின் பெயர் அது. 2016 ஜனவரி 26-ஆம் நாள் பெங்களூரிலிருந்தே ‘ராகம்’ என்னும் முழுநேரச் செவ்வியல் இசைச் சேவை தொடங்கியது. கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் அதில் ஒலிக்கின்றன. வீட்டுக்கு நேராக வரும் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாகவும், கைப்பேசிச் செயலி வழியாகவும் உலகில் எங்கிருந்தும் கேட்கலாம். நிலையங்களின் பழைய ஒலிப்பேழைகள், ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டிய காலத்தில் சேர்ந்த செல்வம், இன்று புதிய காதுகளை அடைகின்றன.

‘இலவசம்’ என்று நாம் சொல்லும் இச்சேவைக்கு நம் வரிப்பணம் செல்கிறது. இணையத்தில் ‘இலவசமாக’ வரும் பாடல்களுக்கு விளம்பரத்தைப் பார்க்கும் நம் நேரம் விலையாகிறது. விலை இல்லாத இசை எக்காலத்திலும் இருந்ததில்லை. விலையை யார், எந்த வழியில் கொடுக்கிறார் என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பணம் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, அவருடைய குரலும் கேட்காமல் போய்விடுகிறது. 1931-இல் நேயர்களின் எதிர்ப்பை அரசு பொருட்படுத்தியதற்கு ஒரு காரணம், கையில் உரிமத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பேசினார்கள் என்பது.

வானொலிக்கு நேரடியாகப் பணம் கட்டும் வழி இன்று நம்மிடம் இல்லை. ஆனால் வானொலிக்குக் கலைஞர்களை வளர்த்துத் தரும் சபாக்கள் இருக்கின்றன. 1905-இல் தொடங்கிய பெங்களூரு காயன சமாஜமும், 1939 முதல் ராமநவமி இசை விழாவை நடத்திவரும் சாமராஜப்பேட்டை ஸ்ரீ ராமசேவா மண்டலியும் கேட்பவரின் கைப்பணத்தால் நிலைத்த அமைப்புகளே. நம் வாசகர்கள் வாழும் ஊர்களிலும் அத்தகைய சபா ஒன்றேனும் இருக்கும். இலவச அனுமதி உள்ள கச்சேரிக்குச் சென்று, கைதட்டிவிட்டு, வாயிலில் உள்ள நன்கொடைப் பெட்டியைக் கடந்து வந்துவிடுபவர்களுள் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். நூற்றுக்கு இருவர் என்ற கணக்கை அறிந்தபின் அவ்வாறு கடந்து வருவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விழாக் காலத்தில் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையைவிட, மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகை ஓர் அமைப்புக்கு மிகுந்த பயனளிக்கும். அடுத்த ஆண்டுக் கச்சேரிக்கு இன்றே கலைஞரை ஒப்பந்தம் செய்யும் துணிவை அது தருகிறது. சென்னை மன்றத்திற்கும் மைசூர்ப் பேராசிரியருக்கும் கிடைக்காமல் போனது அதுவே. தொடர் வைப்புக் கணக்கில் நமக்காகச் சேமிக்கும் அதே முறையில், மற்றவருக்காகவும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். கணக்கிலிருந்து குறித்த நாளில் குறித்த தொகை தானாகச் சென்று சேரும்படி நிலையான அறிவுறுத்தல் கொடுக்கும் வசதி எல்லா வங்கிகளிலும் உண்டு. பதிவு பெற்ற அமைப்பா, ரசீது தருகிறதா, ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறதா என்று விசாரித்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு.

அன்று நியமனதாரர் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு, அம்மையார் புத்தகத்தை மீண்டும் பெட்டியில் வைக்கப் போனார். இந்த வில்லைகள் எதற்குக் கட்டப்பட்டவை என்று இளைய உதவியாளர் ஒருவர் கேட்டார். “கச்சேரி கேட்கத்தான் பா. நாங்க பணம் கட்டித்தான் கேட்டோம்” என்றார் அவர். குரலில் குறை எதுவும் தெரியவில்லை. சிறிது பெருமை தெரிந்தது.

அடுத்த மாதம் அவர் மீண்டும் வந்தபோது தகரப் பெட்டி இல்லை. தம் கணவர் உறுப்பினராக இருந்த சபாவுக்கு மாதம் 100 ரூபாய் அனுப்பும்படி அறிவுறுத்தல் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ‘எதுவரை’ என்ற கட்டத்தை நிரப்பாமல் நம்மை நோக்கினார். மறு அறிவிப்பு வரும் வரை என்று எழுதலாம் என்றோம். அவ்வாறே எழுதினார்.